வட்டவிதானையும் வலையமைப்பும்



கோமாரி தொடக்கம் கல்முனை வரையுள்ள கரையோரத்தில் வேளாண்மை செய்யும் மக்களுக்கு வட்டவிதானை என்பவரை அறிமுகஞ்செய்ய வேண்டியதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, எந்த மதகில் நீர் பாய்கிறது, எங்கே அணை கரைந்திருக்கிறது என்று நாள்தோறும் பார்ப்பவர் அவர். பயிர் வாடிய பின்னர் பூசலிடுவதைக் காட்டிலும், வாடுமுன்னரே குறையைக் கண்டறிவது அவர் கடமையின் சிறப்பு.

இன்று இதே மாவட்டத்தில் வேறொரு வாய்க்காலும் ஓடுகின்றது. அதில் பாய்வது தகவல். அதன் மதகுகளுக்கு ஆளி, அதாவது 'சுவிட்ச்', என்று பெயர். 1996 ஆம் ஆண்டு பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஒலுவிலில் ஒரு வளாகமும் சம்மாந்துறையில் இன்னொரு வளாகமும் உள்ளன. இத்தகைய நிறுவனமொன்றில் கட்டடந்தோறும் ஆளிகள் அமைந்திருக்கும். அவற்றின் ஒவ்வொரு வாயிலையும் நேரிற் சென்று பார்ப்பது எவருக்கு இயலும்?

இதற்கென அமைந்ததே எளிய வலையமைப்பு முகாமை நெறிமுறை. ஆங்கில முதலெழுத்துகளால் இதனை எஸ்.என்.எம்.பி. என்பர். ஜெஃப்ரி கேஸ், மார்க் பெடோர், மார்ட்டின் ஸ்கொஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வர் வகுத்த இந்நெறிமுறை 1988 இல் வெளியாகி, 1990 இல் நிலைபெற்றது. எந்த நிறுவனம் செய்த ஆளியாயினும் ஒரே மொழியில் விடை கூறவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

ஆளிக்குள் 'முகவர்' என்னும் சிறு செயல்நிரல் இருக்கும். தூரத்திலுள்ள கணினி கேட்க, அது விடையளிக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் உலகப் பொதுவான எண்கோவை உண்டு. வாயிலின் நிலையைக் கேட்டால், 1 என்ற விடைக்கு 'இயங்குகிறது' என்றும், 2 என்ற விடைக்கு 'நின்றுவிட்டது' என்றும் பொருள். இயங்கத் தொடங்கி எவ்வளவு காலமாயிற்று என்றும் கேட்கலாம். விடை சில நிமிடங்களே எனின், இடையில் மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம்.

கேளாமலே முகவர் அனுப்பும் எச்சரிக்கையும் உண்டு. ஆனால் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. அறுந்தது அச்செய்தி செல்லவேண்டிய கம்பியே எனின், செய்தி எவ்வாறு வந்து சேரும்? ஆதலின் குறித்த இடைவெளிகளில் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். அப்போது விடை வாராமையும் ஒரு விடையாகிவிடுகிறது.

கோமாரியில் ஒரு பாடசாலையைக் கற்பனை செய்துகொள்வோம். உயர்தரப் பரீட்சைக்கான விண்ணப்பங்களை இணையவழி அனுப்புவதற்கு அன்றே கடைசி நாள். உப்புக்காற்றில் துருவேறிய ஓர் இணைப்பு அறுந்துவிடுகிறது. சில நாட்களாகவே அவ்வாயிலின் பிழைக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. பார்ப்பவர் ஒருவர் இருந்திருப்பின், ஒரு சிறு கம்பியை மாற்றுவதோடு காரியம் முடிந்திருக்கும். பார்ப்பவர் இன்மையால் பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பே தடுமாறுகிறது.

இம்முறையிலும் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, கணக்கு. பழைய 32 பிட் எண்ணி, வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் நிறைந்தோடும் இணைப்பில் ஏறத்தாழ ஆறு நிமிடங்களுக்குள் நிரம்பி, மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 1 கிகாபிட் வேகத்திலோ 34 வினாடிகளே போதும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை பார்ப்பவர் அங்கே ஏமாந்துபோவார். எனவே விரைவான இணைப்புகளுக்கு 64 பிட் எண்ணியே ஏற்றது.

இரண்டாவது, காவல். முதலிரு பதிப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே செல்லும். 'பப்ளிக்', 'பிரைவேட்' என்னும் ஊரறிந்த சொற்களை மாற்றாது விடுவது, மதகின் திறப்பை மதகிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். எழுதும் உரிமை தரும் சொல்லைப் பெற்றவன் வாயிலையே அடைத்துவிடலாம். 2002 இல் நியமமாகிய மூன்றாம் பதிப்பு, ஆளை உறுதிசெய்யவும் செய்தியை மறைக்கவும் வழிசெய்கின்றது.

கருவி எண்களைத் தரும். அவற்றைப் பார்த்து எழுந்து செல்ல வேண்டியவன் மனிதன். வாய்க்கால் எத்துணை நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தாலும், வட்டவிதானை வீட்டில் உறங்கினால் கடைமடை வயலுக்கு நீர் சேராது. கோமாரி போன்ற கடைக்கோடி ஊர்களுக்கு இதனை எடுத்துரைக்க வேறெவரும் வேண்டியதில்லை.