உடம்பு சொல்வதையும் கேட்போம்

(தோட்டங்களிலிருந்து வந்து முல்லைத்தீவில் குடியேறிய குடும்பங்களின் ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் எமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்றுதான் பேசுவோம். அந்தக் கதைகள் ஒன்றும் முடிந்துவிடவில்லை. ஆனால் இன்றைக்கு நான் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "டீச்சர் எக்சசைஸ் சொல்லித் தரப் போறாங்க போல" என்று பின்னால் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் அதுவும் இருக்கிறது. முதலில் என் பெரியம்மாவின் கதையைக் கேளுங்கள்.

என் பெரியம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு, இரண்டு சாக்கு மூட்டையோடு வன்னிக்கு வந்தார். அந்தக் காலத்தில் டாக்டர் இராஜசுந்தரமும் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தியம் அமைப்பு, நம்மைப் போன்ற எத்தனையோ குடும்பங்களை இந்த மண்ணில் குடியேற்றியது. அந்த இராஜசுந்தரத்தை 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கொன்றார்கள். இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காடு வெட்டி, கிணறு தோண்டி, நிலக்கடலை போட்டுப் பிழைத்தார்கள். பிறகு 2004 சுனாமி. பிறகு 2009. முள்ளிவாய்க்காலில் பெரியப்பாவும் மூத்த அண்ணனும் போய்விட்டார்கள். பெரியம்மா மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

2012இல் நான் முதல் தடவையாக அவரைப் பார்க்க வந்தேன். சோறு வடிக்கும்போது அடுப்பிலிருந்து பானையை வெறுங்கையால் இறக்கி வைத்தார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பழைய கொப்புளம், புதுக் கொப்புளம். "என்ன பெரியம்மா இது?" என்றேன். "எங்க புள்ள, எனக்குச் சுட்ட மாதிரியே தெரியலியே" என்றார்.

வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சீனி வருத்தம் இல்லை. நரம்பில் குறை இல்லை. அங்கே இருந்த டாக்டர் பிள்ளை ஒன்று பொறுமையாகச் சொன்னது: "அம்மாவுக்குத் தாங்க முடியாத வலி வந்திருக்கு. உடம்பு கதவைச் சாத்திட்டுது. வலிக்குச் சாத்தின கதவுதான், ஆனா எல்லாத்துக்கும் சாத்திட்டுது."

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம்?

ஆபத்து வரும்போது உடம்பு நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு மேலே ஏறும், தோளும் தாடையும் இறுகும். ஓடு, இல்லை எதிர்த்து நில் என்று உடம்பு போடுகிற கட்டளை அது. ஆபத்து போனதும் அது தணிய வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் ஷெல்லுக்குள்ளே, பசிக்குள்ளே, பங்கருக்குள்ளே கிடந்த உடம்புக்கு ஆபத்து போனது தெரிவதில்லை. பட்டாசு வெடித்தால் இன்னும் கீழே குனிகிறோம். சிலருக்கு இப்படி எப்போதும் விழிப்பாகவே இருக்கும், நித்திரை வராது. சிலருக்குப் பெரியம்மாவைப் போல மரத்துப்போகும். இரண்டும் பைத்தியம் இல்லை. இரண்டும் ஒரே காயத்தின் இரண்டு முகங்கள்.

நம்முடைய தமிழுக்கு இது எப்போதோ தெரியும். "மனசு சரியில்லை" என்று நாம் சொல்வது குறைவு. "நெஞ்சு அடைக்குது", "வயிறு பத்தி எரியுது", "ஈரக்குலை நடுங்குது", "கை கால் விட்டுப்போச்சு" என்றுதான் சொல்கிறோம். துக்கத்தை உடம்பால்தான் பேசுகிறோம். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நம் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். காயம் ஆளாளுக்கு மட்டும் இல்லை, ஊருக்கும் உறவுக்கும் பட்டிருக்கிறது என்பது அவர் சொன்னது. மூச்சுப் பயிற்சி, ஜெபம், சடங்கு, சேர்ந்து அழுவது என்று நம்மிடம் ஏற்கனவே இருக்கிற வழிகளையும் மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

இதில் தோட்டத்து ஆட்களான நமக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. மரத்துப்போவதை நாம் போரில் மட்டும் படிக்கவில்லை, மலையிலேயே படித்துவிட்டோம். என் அம்மாயிக்கு உச்சந்தலையில் கூடைக் கயிறு அழுத்தி முடியே முளைக்காத ஒரு தடம் இருந்தது. "வலிக்கலியா அம்மாயி?" என்றால், "வலியப் பாத்தா பேர் விழுமா?" என்பார். 18 கிலோ, 20 கிலோ என்று நிறுவை வராவிட்டால் அரைப் பேர். காய்ச்சலா, அரைப் பேர். மாதச் சுகவீனமா, வாயைத் திறக்கக் கூடாது. மலையில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்கிற பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருக்கத்தான் நம்மைப் பழக்கினார்கள். கேட்டால் அடுப்பு எரியாது. ஆகவே யாருக்காவது மரத்துப்போயிருந்தால் அது அவருடைய பலவீனம் இல்லை. உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்ட பாடம்.

ஆம்பிளைகளும் கோபிக்காமல் கேளுங்கள். அந்திக்குக் கசிப்பைத் தேடிப் போகிற கால்களும் மரத்துப்போகத்தான் தேடுகின்றன. வலியை மறக்கக் குடிக்கிறோம். வலியோடு சேர்த்துப் பிள்ளையின் முகத்தையும் மறந்துவிடுகிறோம்.

சரி, பெரியம்மா எப்படித் திரும்பி வந்தார்? யாரும் அவரை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்து வளவில் ஒரு கடற்றொழில் குடும்பத்து அக்கா இருந்தார், அவரும் பறிகொடுத்தவர். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து கிணற்றடிக்குப் போவார்கள். தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றும்போது "குளிருதா?" என்று அந்த அக்கா கேட்பாராம். "தெரியல" என்பாராம் பெரியம்மா. பல மாதம் அதே கேள்வி, அதே பதில். பிறகு வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருக்கிறார்கள். கடல்நீரில் விளக்கெரிகிற கோயில், உங்களுக்குத் தெரியாததா! பகல் வெயிலில் வெறுங்காலோடு மணலில் நடக்கும்போது பெரியம்மா திடீரென்று நின்று, "அக்கா, காலு சுடுது" என்றாராம். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். மூன்று வருசமாக வராத அழுகை. அந்த அக்கா கூடவே உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதிருக்கிறார்.

குணமாவது முதலில் சுகமாக வருவதில்லை. முதலில் சூடாகத்தான் வருகிறது. அதனால்தான் துணை வேண்டும்.

இப்போது எல்லோரும் சேர்ந்து சின்னதாக ஒன்று செய்வோம். கண்ணை மூட வேண்டாம். கண்ணை மூடினால் சிலருக்குப் பழைய காட்சி வரும், திறந்தே இருக்கட்டும். செருப்பைக் கழற்றுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் வையுங்கள். தரை குளிரா, சூடா, மணலா என்று பாருங்கள். அடுத்து, தோளைக் காது வரைக்கும் தூக்குங்கள். கொழுந்து மடுவத்தில் கூடையை இறக்குவோமே, அந்த மாதிரி ஒரேயடியாக இறக்குங்கள். இன்னொரு தடவை. இனி மூச்சு. மூக்கால் சாதாரணமாக எடுத்து, அடுப்பு ஊதுவது போல வாயால் மெதுவாக, நீளமாக விடுங்கள். எடுக்கிற மூச்சை விட விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சடிப்பு தணியும். ஐந்து தடவை போதும். கடைசியாக, சுற்றிப் பார்த்து ஐந்து பொருளின் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். பனை, கதிரை, அக்காவின் சிவப்புச் சேலை... நாம் இப்போது இங்கே இருக்கிறோம் என்று உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

யாருக்காவது இதைச் செய்யும்போது பயம் கூடினால் உடனே நிறுத்துங்கள். எழுந்து நடங்கள், முகத்தில் தண்ணீர் அடியுங்கள். யாரையும் கதை சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆறுதலுக்குத் தொடுவதென்றாலும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். நெஞ்சு வலி என்றால் எல்லாம் கவலை என்று விட்டுவிடாமல் முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றால் தனியே இருக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள், அரச வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

பிள்ளைகளையும் கவனியுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதிலிருந்து, பெருமழை என்றால் என் வகுப்பில் அமைதியாகிவிடும். அப்போது நான் பாடத்தை நிறுத்திவிடுவேன். எல்லோரும் எழுந்து கை தட்டி, தரையை மிதித்துக் கும்மி அடிப்போம். இறுகிப்போன பிள்ளை கொஞ்சம் வியர்த்ததும் பேசத் தொடங்கும். 2023இல் மலையகம் 200க்காக ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் நடந்தார்கள். நானும் அதில் சில நாள் நடந்தேன். பாட்டன் பூட்டன் விழுந்து செத்த பாதையை நம் காலால் நடந்தபோது, புத்தகத்தில் நூறு தடவை படித்தும் வராத அழுகை வந்தது. அதன் பிறகு ஒரு தெம்பும் வந்தது.

கடைசியாக ஒன்று. மூச்சுப் பயிற்சியைக் கொடுத்து நம் வாயை அடைக்க யாரையும் விடக் கூடாது. மூச்சை எவ்வளவு இழுத்து விட்டாலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை திரும்பி வந்துவிடாது. காணிக்கு உறுதி கிடைத்துவிடாது. 1350 ரூபாய்ச் சம்பளத்துக்கு 2024 செப்டெம்பரில் வர்த்தமானி வந்ததும் நாம் மூச்சுவிட்டதால் இல்லை, கேட்டதால். 2017 முதல் வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கிற தாய்மாரைப் பாருங்கள். அந்தப் போராட்டத்துக்கும் ஓர் உடம்பு வேண்டும். பதில் வருவதற்கு முன்னே எத்தனையோ தாய்மார் கண்ணை மூடிவிட்டார்கள். ஓய்வு, மலையில் கழிப்பறை, சுகவீன லீவு, இவையும் மனநலக் கோரிக்கைகள்தான். வலிக்கிறது என்று உணரத் தெரிந்தவர்தான் வலிக்கிறது என்று சொல்லவும் முடியும். சொல்லத் தெரிந்தவர்கள் சேர்ந்தால்தான் அது சங்கம்.

பெரியம்மா இப்போதும் அழுகிறார், அண்ணனின் படத்துக்கு முன்னால். ஆனால் போன தடவை நான் பானையை இறக்கப் போனபோது, "கைபிடித் துணிய எடுடி, சுடும்!" என்று சத்தம் போட்டார். அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

இன்றைக்கு இரவு படுக்கும் முன் காலைக் கழுவும்போது, அவசரப்படாமல் கழுவுங்கள். "எங்கே வலிக்குது?" என்று உங்கள் உடம்பிடம் ஒரு தடவை கேளுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கிறவரிடமும் கேளுங்கள்.