கோப்பையின் அடியில் ஒரு சொல்



ஆங்கில நாளேடுகளைப் படிப்போர் 'தேயிலையைப் படித்தல்' என்னும் தொடரை அடிக்கடி காண்பர். அங்குத் தேநீர்ப் பேச்சே இராது. நடுவண் வங்கி வட்டியை உயர்த்துமா, உச்சநீதிமன்றம் எப்பக்கம் சாயும் என்பன போன்றவையே பேசப்படும்.

தொடரின் பிறப்பிடம் குறிபார்த்தல். வடிகட்டாத தேநீரைப் பருகி, அடியில் சிறிது விட்டு, கோப்பையை மும்முறை சுழற்றித் தட்டின்மேல் கவிழ்ப்பர். நிமிர்த்தும்போது இலைத்துணுக்குகள் உட்சுவரில் ஒட்டியிருக்கும். அவற்றுள் பறவை, நங்கூரம், பாம்பு எல்லாம் தென்படும். தேடுவோர்க்குத் தென்படாததுதான் யாது? கைப்பிடி குறி கேட்பவரைச் சுட்டும். விளிம்பருகே உள்ளது விரைவில் நிகழும். அடியில் கிடப்பது நாட்கடந்து வரும்.

சாமுவேல் பெப்பீசு தாம் முதன்முதலாகத் தேநீர் அருந்தியதை நாட்குறிப்பில் எழுதியது 1660-இல். அன்று அது செல்வர் பானம். விலை இறங்கி எளியோர் அடுக்களை புகுந்தபின்னரே எவரும் தம் கோப்பையில் குறிபார்க்க இயன்றது. 1867-இல் இலங்கை லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபின், தமிழ்ப் பெண்டிர் கிள்ளிய கொழுந்தும் அக்கோப்பைகளில் கிடந்தது. அவர்தம் எதிர்காலத்தை அதில் தேடியவர் எவர்?

பொதிப்பைத் தேநீர் பரவியபின் படிக்க இலையில்லை. தொடர் மட்டும் நிலைத்தது. பொருளோ தலைகீழாயிற்று. குறி சொன்னவள் தனக்குத் தெரியும் என்றாள். இன்று இத்தொடரை ஆள்பவர் தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டே ஊகிக்கிறார். 1987 முதல் 2006 வரை அமெரிக்க நடுவண் வங்கித் தலைவராயிருந்த ஆலன் கிரீன்ஸ்பான் பிடிகொடாமல் பேசுவதில் பெயர்பெற்றவர். 1990களில் தொலைக்காட்சியினர் கூட்ட நாளன்று அவர் கைப்பெட்டியைப் படம்பிடித்தனர். பெட்டி பருத்திருந்தால் வட்டி மாறுமாம்! தேயிலை படித்தல் என்பதற்கு இதனினும் நல்ல விளக்கமில்லை.

தமிழில் பெயர்ப்போர்க்கு இங்கேதான் இடர். 'சோழி போட்டுப் பார்க்கின்றனர்' எனில் ஊர்மணம் வரும். ஆனால் சோழி உருட்டுபவர் உறுதியோடு சொல்வார், ஆங்கிலத் தொடரின் ஐயமும் தற்கேலியும் அதில் இல்லை. 'குறிப்பறிதல்' என்றால் மிக உயர்ந்துவிடும்; வள்ளுவர் ஈரிடத்து அதிகாரப் பெயராக வைத்த அச்சொல்லில் அறிந்தவரின் தெளிவு உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலோ, தேநீரை வடிகட்டிக் குடிப்பவர் திகைப்பார். செய்தியில் 'சிறு தடயங்களைக் கொண்டு ஊகிக்கின்றனர்' என்பதே போதும். படம் போகும், பொருள் நிற்கும். கதையில் ஒரு கிழவி உண்மையாகவே கோப்பையைக் கவிழ்க்கிறாள் எனில், அங்கே சோழியைக் கொணர்தல் ஆகாது. அவள் கையில் கோப்பையே இருக்கட்டும். தட்டில் நீர் சொட்டட்டும்.