வைக்கோல் துரும்பும் மூல ஓலையும்

(பட்டிமன்றத் தலைப்பு: தேர்தலுக்கு முந்தைய கருத்துக்கணிப்பு மக்களுக்கு வழிகாட்டுகிறதா? வழி மாற்றுகிறதா? இடம்: திருவெண்ணெய்நல்லூர். ‘வழி மாற்றுகிறது’ அணித் தலைவரின் உரை.)

     

எனக்கு முன்னால் எதிரணியில் ஒரு தம்பி பேசினார். கல்லூரி மாணவர். மாணவர் இயக்கத்தில் இருக்கிறவர். துடிப்பான பேச்சு. நானே இரண்டு தடவை கை தட்டிவிட்டேன். பக்கத்திலே இருந்த என் அணி அம்மா முறைத்த பிறகுதான் நிறுத்தினேன். (சிரிப்பு)

தம்பி என்ன சொன்னார்? “அமெரிக்காவைப் பாருங்கள். அதிபர் வேட்பாளரைக் கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மாதிரி வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். பணமும் பதவியும் இல்லாத மாணவன்கூட அதிலே தன் குரலைப் பதிவு செய்கிறான். அது மாணவனின் ஜனநாயகப் பள்ளிக்கூடம்” என்றார். நல்ல வாதம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்போம், வாங்க.

அந்த மாதிரி வாக்கெடுப்புக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? ‘ஸ்ட்ரா போல்’. ஸ்ட்ரா என்றால் வைக்கோல். வைக்கோல் ஓட்டு! காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஒரு துரும்பை எடுத்துப் போடுவார்கள் இல்லையா, அதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். இது நம்ம ஊர்க் களத்துமேட்டுக்காரருக்குப் புதுசா? நெல் தூற்றுவதற்கு முன்னால் ஒரு கை பதரை எடுத்துப் போட்டுப் பார்ப்பார். காற்று வாகு தெரிந்த பிறகு முறத்தைத் தூக்குவார். அது நியாயமான சோதனை.

ஆனால் ஒன்று. துரும்பைப் போடும்போது பக்கத்திலே ஒருத்தர் மின்விசிறியைப் போட்டுவிட்டால்? துரும்பு பறக்கும். ஆனால் அது காற்றின் திசையா? விசிறியின் திசை! கரண்ட் பில் யார் கட்டுகிறாரோ, அவருடைய திசை! (சிரிப்பு, கைதட்டல்)

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். அங்கே ஏம்ஸ் என்று ஓர் ஊர். 1979 தொடங்கி அந்த ஊரிலே குடியரசுக் கட்சிக்காரர்கள் வைக்கோல் ஓட்டு நடத்தினார்கள். 2011-இலும் நடந்தது. ஓட்டுப் போட 30 டாலர் கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும். சாதாரணக் குடும்பம் 30 டாலர் கொடுத்து ஓட்டுப் போடுமா? வேட்பாளரே டிக்கெட்டை மொத்தமாக வாங்கி, பஸ் வைத்து ஆளைக் கூட்டி வந்து, பந்தல் போட்டு, பாட்டு வைத்து, சாப்பாடும் போடுவார். நம்ம ஊரிலே பிரியாணிப் பொட்டலம் கொடுத்தால் குற்றம் என்கிறோம். அங்கே அதற்கு ‘முன்னோட்டம்’ என்று பெயர்! (சிரிப்பு)

சரி, முன்னோட்டம் என்ன சொன்னது? மிஷேல் பாக்மன் என்ற அம்மையார் 2011 ஆகஸ்டில் முதலிடம் பெற்றார். மூன்றாம் இடம் வந்த டிம் பாலென்ட்டி, ஒரு மாநிலத்துக்கு ஆளுநராக இருந்தவர், மறுநாளே போட்டியை விட்டு விலகிவிட்டார். ஐந்தே மாதம். 2012 ஜனவரியில் அதே அயோவாவில் உண்மையான கட்சித் தேர்வு நடந்தது. முதலிடம் பெற்ற அந்த அம்மையாருக்கு எத்தனையாவது இடம்? ஆறாவது இடம்! மறுநாள் அவரும் விலகினார். 2015-இல் அந்தக் கட்சியே ‘இந்த வைக்கோல் வியாபாரம் இனி வேண்டாம்’ என்று நிறுத்திவிட்டது.

நடுவர் அவர்களே! இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பாலென்ட்டி விலகினாரே, அவரை மக்களா விலக்கினார்கள்? இல்லை. உண்மையான ஓட்டு ஒன்றுகூட விழவில்லை. ஒரு துரும்பு பறந்ததைப் பார்த்துவிட்டு ஒரு மனிதர் களத்தை விட்டே போய்விட்டார். அவருக்கு ஓட்டுப் போடலாம் என்று வீட்டிலே உட்கார்ந்திருந்தவன் நிலைமை என்ன? அவன் விருப்பம் கேட்கப்படாமலேயே முடிந்துபோனது. இதற்குப் பெயர் வழிகாட்டுவதா, தம்பி? வழியையே அடைப்பது!

அடுத்து, தம்பி மாணவர்களைப் பற்றிச் சொன்னார். அதையும் பார்ப்போம். அங்கே பழமைவாதக் கொள்கைக்காரர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு ஒன்று உண்டு. சி.பேக் என்பார்கள். அங்கேயும் வைக்கோல் ஓட்டு உண்டு. 2010-இலும் 2011-இலும் வென்றவர் ரான் பால். எழுபது வயதைத் தாண்டியவர். அவரை ஜெயிக்க வைத்தது யார்? இளைஞர்கள்! 2010-இல் அங்கே ஓட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாணவர்கள். திரண்டு வந்தார்கள், உழைத்தார்கள், ஜெயித்தார்கள். ஆனால் 2012-இல் கட்சி யாரை வேட்பாளராக நிறுத்தியது? மிட் ராம்னியை!

எங்கள் வீட்டிலேயும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கருத்துக்கணிப்பு நடக்கும். நான், மகன், மகள், வந்திருக்கிற மைத்துனர் — நாலு பேரும் ஒருமனதாக ‘தோசை’ என்போம். தட்டிலே வந்து விழுவது உப்புமா! (பலத்த சிரிப்பு) கணிப்பு கூடத்திலே நடந்தது. முடிவு சமையலறையிலே எடுக்கப்பட்டது. யாரைக் கேட்டோம் என்பது வேறு. யார் தீர்மானிக்கிறார் என்பது வேறு.

இந்த வேறுபாட்டை மறந்ததால் ஒரு பெரிய பத்திரிகையே காணாமல் போனது. அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்று ஒரு பத்திரிகை. 1936-இல் ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேலே பதில் வந்தது. லாண்டன் என்பவர்தான் அடுத்த அதிபர் என்று அடித்துச் சொன்னது. நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார்! ஏன் தப்பியது? முகவரிகளை டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும் எடுத்தார்கள். ஊரே பஞ்சத்திலே தவித்த காலம். போனும் காரும் யாரிடம் இருக்கும்? பசித்தவனைக் கேட்காமல் பசியைப் பற்றிக் கணக்கு எழுதினார்கள். இரண்டே ஆண்டில் பத்திரிகை மூடப்பட்டது.

“அது அந்தக் காலம், இப்போது விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது” என்று எதிரணியிலே ஓர் அம்மா சொன்னார்கள். விஞ்ஞானத்தையே பார்ப்போம். ஆயிரம் பேரிடம் முறையாகக் கேட்டாலும் விடையிலே நூற்றுக்கு மூன்று அளவுக்குக் கூடும், குறையும் என்று அந்த விஞ்ஞானமே சொல்கிறது. நம் தமிழ்நாட்டில் 2016 சட்டமன்றத் தேர்தல். நடுவர் கட்சிப் பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எண்ணை மட்டும் சொல்கிறேன். மே மாதம் தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் ஓர் அணிக்கு 134, இன்னோர் அணிக்கு 98. இரண்டு அணிக்கும் இடையே ஓட்டு வித்தியாசம் எவ்வளவு? ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று! ஓட்டிலே ஒன்று, இடத்திலே முப்பத்தாறு. மூன்று கூடும் குறையும் என்கிற அளவுகோலை வைத்துக்கொண்டு ஒன்றை எப்படி அளப்பீர்கள்? மளிகைக்கடைத் தராசிலே தங்கம் நிறுத்தால் யார் வீட்டுக் கல்யாணம் நடக்கும்? (கைதட்டல்) அந்த ஆண்டு ஓட்டுப் போட்டு முடிந்த அன்று மாலை வந்த கணிப்புகள் பலவும் தோற்ற அணியைத்தானே ஜெயிக்கும் என்றன!

2024 நாடாளுமன்றத் தேர்தல். ஆளும் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று பல கணிப்புகள். கிடைத்தது 293. அது வெறும் எண் வித்தியாசம்தானே என்பீர்கள். ஜூன் 3-ஆம் தேதி கணிப்பை நம்பிப் பங்குச்சந்தை ஏறியது. 4-ஆம் தேதி ஓட்டை எண்ண எண்ண, மும்பைக் குறியீடு 4,000 புள்ளிகளுக்கு மேலே சரிந்தது. மூன்றாம் தேதி வாங்கி நான்காம் தேதி பயந்து விற்றவர்களில், ஓய்வுபெற்ற பணத்தைப் போட்டவர்கள் இருக்க மாட்டார்களா? அவர்களுக்கு எந்தக் கணிப்பு நிறுவனம் பதில் சொல்லும்?

இப்போது நம்ம தெருவுக்கு வருகிறேன். ஒரு கூலிவேலை செய்கிற அம்மா. வாசலிலே கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு பையன் தாளும் பேனாவுமாக வந்து, “அம்மா, உங்க ஓட்டு யாருக்கு?” என்கிறான். எதிர்த் திண்ணையிலே ஒரு கட்சிக்காரர். பக்கத்து வீட்டிலே இன்னொரு கட்சி. வேலை கொடுக்கிற நிலக்காரர் சைக்கிளிலே போகிறார். அந்த அம்மா உண்மையைச் சொல்வாளா? “எல்லாரும் நல்லவங்கதான் தம்பி” என்பாள். இல்லை, எதிர்த் திண்ணைக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வாள். அது பொய் இல்லைங்க, அவளுடைய பாதுகாப்பு! வாக்குச்சாவடியிலே அட்டைத் தடுப்பு வைத்திருப்பது எதற்காக? அங்கே ஏழு விநாடி ஒரு சீட்டு தெரியும். அவள் பார்ப்பாள். வேறு யாரும் பார்க்க முடியாது. அந்த ஏழு விநாடிதான் அவளுக்கு அரசியல் சட்டம் கொடுத்த ராஜ்ஜியம். அந்த மறைப்பைத் தெருவிலே வைத்துத் திறந்து காட்டச் சொல்வதா வழிகாட்டுவது? (பலத்த கைதட்டல்)

அதோடு போகிறதா? மறுநாள் கணிப்பு வருகிறது. ‘இவருக்கு ஜெயிக்க வாய்ப்பில்லை’. உடனே, “ஏன் நம்ம ஓட்டை வீணாக்கணும்?” என்கிறார்கள். ஐயா, தோற்றவருக்குப் போட்ட ஓட்டு வீண் ஓட்டு என்று யார் சொன்னது? மனதுக்கு ஒப்பாதவருக்குப் போட்ட ஓட்டுதான் வீண் ஓட்டு!

மாணவர் என்றதும் நான் 1967-ஐ நினைக்கிறேன். விருதுநகர்த் தொகுதி. ஒரு பக்கம் பெருந்தலைவர் காமராசர். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சர், இந்தியாவுக்கே பிரதமரைத் தேர்ந்து கொடுத்தவர். இன்னொரு பக்கம் பெ. சீனிவாசன், 1965 மொழிப் போராட்டத்தில் இருந்த மாணவர் தலைவர். அன்றைக்கு ஒரு கருத்துக்கணிப்பு வந்து, ‘மாணவனுக்கு வாய்ப்பே இல்லை’ என்று வீட்டுக்கு வீடு காட்டியிருந்தால்? “சரி, வீண் ஓட்டு எதுக்கு” என்று கொஞ்சம் பேர் மாறியிருக்க மாட்டார்களா? அவர் ஜெயித்த வித்தியாசம் எவ்வளவு? 1,285 ஓட்டுகள்! அந்த முடிவு சரியா தப்பா என்று நான் பேசவில்லை. எனக்குக் காமராசர்மேல் அளவற்ற பக்தி. ஆனால் தம்பி, மாணவன் வென்றது துரும்பிலே இல்லை. பெட்டியிலே!

நடுவர் அவர்களே, நான் பேசிக்கொண்டிருப்பது திருவெண்ணெய்நல்லூர். ஒரு வழக்குக்குத் தீர்ப்பு சொன்ன ஊர் இது. பெரிய புராணம் படித்தவர்களுக்குத் தெரியும். சுந்தரர் கல்யாணப் பந்தலிலே ஒரு முதியவர் வந்து, “நீ எனக்கு அடிமை, இதோ ஓலை” என்றார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். முதியவர் கலங்கினாரா? இந்த ஊர் அவைக்கு வந்து, “அவர் கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது” என்றார். இந்த ஊர்ப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? ‘ஊரிலே பேசிக்கொள்கிறார்கள்’ என்றா தீர்ப்பு சொன்னார்கள்? மூல ஓலையை வாங்கினார்கள். சுந்தரருடைய பாட்டனார் கையெழுத்து உள்ள வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் வாய் திறந்தார்கள்.

மூல ஓலை இருந்ததால் படி ஓலைக்கு மதிப்பு. கருத்துக்கணிப்பு என்ன செய்கிறது? மக்கள் மூல ஓலையை எழுதுவதற்கு முன்னாலேயே படி ஓலையை எழுதிவிடுகிறது! எழுதிவிட்டு, “இதைப் பார்த்து மூலத்தை எழுதுங்கள்” என்று மக்கள் கையிலே கொடுக்கிறது. (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “கட்சிகள் ரகசியமாகக் கணிப்பு எடுக்கின்றன. மக்களுக்கு மட்டும் தெரியக் கூடாதா?” நியாயமான கேள்வி. நான் தடை கேட்கவில்லை. கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரைமணி நேரம் ஆகும்வரை, ஓட்டுப் போட்டு வந்தவரைக் கேட்டு எடுத்த கணிப்பை வெளியிடக் கூடாது என்று 2009-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மீறினால் இரண்டு ஆண்டுவரை சிறை. எதற்கு அந்தச் சட்டம்? வழிகாட்டுகிற விளக்கை யாராவது பூட்டி வைப்பார்களா? வழி மாற்றும் என்று தெரிந்துதானே பூட்டு! மற்ற கணிப்பு வரட்டும். யார் பணம், எத்தனை பேர், எந்த ஊர், எந்தக் கேள்வி என்பதை முதலில் சொல்லிவிட்டு வரட்டும்.

கடைசியாக அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் காலுக்கு வேகம் இருக்கிறது. தெருத்தெருவாகப் போங்கள், தாளும் பேனாவும் எடுத்துப் போங்கள். ஆனால் கேள்வியை மாற்றுங்கள். “யாருக்கு ஓட்டு?” என்று கேட்காதீர்கள். “என்ன வேணும்?” என்று கேளுங்கள். 2021 வெள்ளத்தில் தென்பெண்ணையிலே எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு உடைந்ததே, உங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று கேளுங்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையிலே ஆறு பெருகி வந்ததே, உங்கள் வீட்டிலே எது போனது, எது திரும்பி வந்தது என்று கேளுங்கள். அந்தக் கோலம் போடுகிற அம்மா யாருக்கும் பயப்படாமல் இதற்குப் பதில் சொல்வாள். அந்தப் பதிலைத் தொகுத்து, ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளர் கையிலும் கொடுங்கள். யார் ஜெயிப்பார் என்பது வேட்பாளருடைய கவலை. ஜெயித்தவர் என்ன செய்வார் என்பதுதான் மக்களுடைய கவலை.

துரும்பு காற்றைக் காட்டலாம். சோறு போடுவது நெல்தான். ஆகவே, மூல ஓலை பார்த்துத் தீர்ப்பு சொன்ன இந்த ஊரிலே, கருத்துக்கணிப்பு மக்களை வழி மாற்றுகிறது என்ற நல்ல தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)