ஆமை புகுந்த வீடு
(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள் நம் பாட்டிமார். இப்போது ஆமை புகுந்த வீட்டுக்கு அமீனாவுக்குப் பதில் வனத்துறை ஜீப் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்!

நான் சொல்வது நட்சத்திர ஆமையை. நம் திருத்தணியைத் தாண்டி ஆந்திரப் பக்கம் போனால் வருகிறதே கரட்டு நிலமும் முட்புதரும், அந்த மாதிரி வறண்ட இடம்தான் அதற்கு ஊர். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாய் விரியும். அந்த அழகேதான் அதற்கு எமன். ஒரே ஒரு வியாபார மையத்தின் வழியாக மட்டும் வருடத்துக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் போகின்றன என்று 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபட்ட செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். சில நம் வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. கேட்டால் அதிர்ஷ்டமாம்!

ஓய்வு பெற்றபின், மீட்கப்பட்ட ஆமைகளைப் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவருக்குக் கூடமாட உதவி செய்து வருகிறேன். பார்த்தால் வயிறு எரியுது சார். இது தரையாமை, நீந்தத் தெரியாது. அதைக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். புல்லும் இலையும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் தின்கிற ஜீவனுக்குப் பால்சோறும் பிரெட்டும்! வெயில் படாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி ஊறாது. அது இல்லாமல் கால்சியம் ஒட்டாது. விரல் வைத்தால் ஓடு அமுங்கும். மூக்கில் சளி குமிழிவிடும்.

வைத்தியம் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. காலை வெயில், தாடை முங்காத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம், நார்ச்சத்துள்ள தீனி, டாக்டர் சொல்லும் அளவில் கால்சியம். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். கோணிப்போன ஓடு கோணினதுதான். புதிதாக வளர்வது மட்டும் நேராக வரும்.

2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் இதை முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இதைக் கேள்விப்பட்டதும் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக மலையடிவாரத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாங்க. வீட்டில் பிடித்த நோய் காட்டு ஆமைகளுக்கு ஒட்டிக்கொள்ளும். வடமேற்கு இந்திய ஆமையும் நம் பக்கத்து ஆமையும் மரபில் வேறு. அதையும் கலக்கக் கூடாது. சிங்கப்பூரில் திருட்டுத்தனமாய் வளர்க்கப்பட்டு மீட்கப்பட்ட 51 ஆமைகள் 2018-ல் கர்நாடகத்துக்குத் திரும்பியபோதுகூட, நேரே காட்டில் விடவில்லை. தனியே வைத்துக் கவனித்த பிறகுதான் அந்தப் பேச்சே.

வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதே வழி. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட வருகிறேன். காபி இடைவேளையில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். யார் வீடு, எப்படி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.