அசைந்தால் குறையும் முதுகுவலி

கியா பார்ம் வட்டார மூத்த குடிமக்களுக்காக ஆற்றப்பட்ட சுகாதார உரை

இந்தக் குளிரில் படியேறி வந்திருக்கிறீர்கள், நன்றி. நெடுநேரம் உட்கார முடியாதவர்கள் இடையில் எழுந்து நின்று கேளுங்கள். பின்னால் நடந்துகொண்டும் கேட்கலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன். இன்று பேசப்போகும் நோய்க்கு அந்த அசைவுதான் முதல் மருந்து.

இந்த மலையில் முதுகுவலி இல்லாத வீடு குறைவு. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியதிலிருந்து இங்கே நம் மக்களின் முதுகு ஓயவில்லை. முதலில் கொழுந்துக் கூடை, பிறகு வெட்டுக் கத்தரி, இப்போது இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரம். தோட்டத்தை விட்டவர்களுக்குக் காய்கறி மூட்டை. அதனால் இடுப்பு பிடித்தால், "உழைத்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் வேறொரு நோயும் பல வருடம் ஒளிந்திருந்துவிடுகிறது.

அதன் பெயர் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். தமிழில் முதுகுத்தண்டு இறுக்க அழற்சி என்று சொல்லலாம். பெயர் நினைவில் நிற்காவிட்டால் பரவாயில்லை, அடையாளத்தை மட்டும் நினைவில் வையுங்கள்.

வேலையால் வரும் வலி, படுத்தால் குறையும். இந்த வலி படுத்தால் கூடும். இரவு இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடும். காலையில் முதுகு பலகைபோல் விறைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் இளகாது. எழுந்து நடமாடி, வெந்நீரில் குளித்து, வேலை தொடங்கிய பிறகுதான் உடம்பு வழிக்கு வரும். சிலருக்கு ஒரு பக்கப் புட்டத்தில் வலிக்கும், பிறகு மறுபக்கம் மாறும். குதிகாலும் வலிக்கலாம்.

இன்னொரு அடையாளம் வயது. இது பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கும் நோய். உங்களில் யாருக்காவது இருந்தால் இருபது முப்பது வயதிலேயே ஆரம்பித்திருக்கும். அப்போது தோட்டத்து டிரெஸ்ஸர் மாத்திரை கொடுத்திருப்பார், நீங்களும் வாய்வுப் பிடிப்பு என்று விட்டிருப்பீர்கள். உலகம் முழுதும் இதே கதைதான்: வலி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோயின் பெயர் தெரிகிறது. ஆண்களின் நோய் என்று மருத்துவர்களே வெகுகாலம் நினைத்ததால் பெண்களுக்கு இன்னும் தாமதம்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். குளவி கொட்டினால் அந்த இடம் சூடாகி வீங்குகிறதல்லவா, அதுதான் அழற்சி. இந்த நோயில் எதுவும் கொட்டாமலே, எலும்போடு தசைநார் சேரும் இடங்களில் அந்த வீக்கம் வருகிறது. முதலில் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் சேரும் மூட்டில். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அங்கே புது எலும்பு வளர்ந்து, தனித்தனியாக இருந்த முள்ளெலும்புகளை ஒட்டவைக்கிறது. எக்ஸ்ரேயில் மூங்கில் கழிபோலத் தெரியும். எல்லோருக்கும் அந்த அளவுக்குப் போவதில்லை.

கூடை சுமந்ததால் வந்த நோயல்ல இது. யாரும் தம் உழைப்பையோ விதியையோ நொந்துகொள்ள வேண்டாம். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக்கூறுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது 1973-இல் தெரியவந்தது. அந்தக் கூறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஆனால் உங்களுக்கு இந்த நோய் இருந்து, பேரப்பிள்ளை காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "இந்த வயசில் என்ன முதுகுவலி" என்று அதட்டாதீர்கள். கிளினிக்குக்கு அனுப்புங்கள், குடும்பத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஐம்பதுக்குப் பிறகு முதன்முதலாக வரும் முதுகுவலி பெரும்பாலும் இதுவல்ல. அதோடு எடை குறைந்தால், காய்ச்சல் இருந்தால், கால் மரத்தால், சிறுநீர் அடைத்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். காரணம் வேறாக இருக்கும், காத்திருக்க நேரம் இருக்காது.

இனி, நோய் இருப்பவர்கள் நன்றாக வாழ்வது எப்படி? காலை விறைப்பு இந்தக் குளிரில் கூடுதலாகவே தோன்றும். படுக்கையிலேயே முழங்காலை மடக்கி மெல்ல இருபக்கமும் சாயுங்கள். பிறகு வெந்நீர்க் குளியல், பிறகு நடை. நீச்சல் நல்லதென்று புத்தகத்தில் இருக்கிறது. கியா பார்மில் அதை யாரிடம் சொல்வது? நடந்தால் போதும், ஆனால் தினமும். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து விடுங்கள், விலா எலும்பின் மூட்டுகளும் இறுகும் நோய் இது. தலையணை மெலிதாக இருக்கட்டும். முடிந்தவர்கள் தினமும் கால்மணி நேரம் குப்புறப் படுங்கள். இதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிகரெட்டை விடாதவர்களுக்கு முதுகு வேகமாக இறுகும்.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அழற்சியைத் தணிக்கும் இபுபுரோபென், டைக்ளோபினாக் போன்றவை நல்ல பலன் தரும். ஆனால் இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்களுக்கு அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கலாம். கடையில் வாங்கி நீங்களாகச் சாப்பிட வேண்டாம். அவை போதாதவர்களுக்கு இப்போது உயிரியல் ஊசி மருந்துகள் இருக்கின்றன. போடுவதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள், தட்டாதீர்கள்.

சந்தையில் "மூன்றே நாளில் வலி போகும்" என்று விற்கும் ஜாமு, மஞ்சள் மாத்திரை இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வலி போகிறது! பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். பதிவு செய்த மருந்தில் 'எம்.ஏ.எல்.' எழுத்துகளில் தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல், பொட்டலத்தையே மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

கண்ணும் இந்த நோயில் பாதிக்கப்படும். ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால், மருந்து தெளித்த காற்று பட்டது என்று இருந்துவிடாதீர்கள். தாய்ப்பாலும் வேண்டாம், பழைய சொட்டு மருந்தும் வேண்டாம். அன்றே போனால் பார்வையைக் காப்பாற்றலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விழுவது. ஒட்டிப்போன முதுகு சுண்ணக்கட்டிபோல, வளையாது, முறியும். பாசி படிந்த படியில் வழுக்கி உட்கார்ந்தாலே போதும். விழுந்த பின் கழுத்திலோ முதுகிலோ புதிதாக வலி வந்தால், லேசாக இருந்தாலும் அவசரம்தான். எழுப்பி உட்கார வைக்கக் கூடாது, உருவிவிடக் கூடாது, சுளுக்கெடுக்க ஆள் கூப்பிடக் கூடாது. 999-ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம், "இவருக்குக் கழுத்து முன்பிருந்தே வளைந்துதான் இருக்கும், நேராக்காதீர்கள்" என்று வீட்டார் சொல்ல வேண்டும். இதை இன்றிரவே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

கிளினிக்கில் "முதுகுவலி" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு வந்துவிடுவீர்கள். எந்த வயதில் தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, காலையில் எவ்வளவு நேரம் விறைக்கிறது, நடந்தால் குறைகிறதா என்று நான்கையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். வாத நோய் நிபுணரைப் பார்க்க மலையிறங்கி ஈப்போவரை போக நேரலாம். அந்த வளைவுப் பாதையில் இடையில் வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள்.

தேநீர் வருவதற்குள் ஒரு சோதனை. சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டி நில்லுங்கள். தாடையை உயர்த்தாமல், தலையின் பின்பக்கம் சுவரில் படுகிறதா? படாவிட்டால் எத்தனை விரல் இடைவெளி என்று பக்கத்தில் இருப்பவர் அளக்கட்டும். தேதியோடு நாள்காட்டியில் குறித்து, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், கூடியிருந்தால் வந்து காட்டுங்கள். தடுமாறுகிறவர்களை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். முன்வரிசை அம்மாக்கள் முதலில் வாருங்கள்.