முஹாஜிராகப் புறப்படும் தம்பியே! உன் ஊரில் நீ அன்சாரியா?

(கள்ளக்குறிச்சியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உரையைத் தொடங்கும் முன், பாஸ்போர்ட் எடுத்து வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். கூட்டத்தில் பாதிக்கு மேல் கைகள் எழுந்தன. போய் இறங்கும் ஊரில் முதல் இரவு எங்கே படுப்பீர்கள்? சாப்பாடு யார் பொறுப்பு? எந்த அனுமதியின் பேரில் போகிறீர்கள்? பதில் தெரிந்தவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள் என்றேன். மூன்றோ நான்கோ கைகள்தான் மிஞ்சின. இறங்கிய அந்தக் கைகளுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

நம் ஊர்த் தம்பி ஒருவர். பெயர் வேண்டாம். டிப்ளமா முடித்துவிட்டு ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்காகச் சிங்கப்பூர் போனார். தந்தை ஜவுளி வியாபாரி. பண்டிகைச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தோடு, கைமாற்றும் வாங்கி மகனை அனுப்பினார்.

முதல் மூன்று வாரம் அந்தத் தம்பி ரொட்டியும் பழமும் தின்றே காலம் தள்ளினார். ஹலால் கடை எது என்று கேட்கக் கூச்சம். வேலையிடத்தில் சொன்னது பாதி புரியவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கவும் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறையில் சுருண்டு கிடப்பார். ஆனால் தாய் தொலைபேசியில் கேட்டால், "நல்லா இருக்கேம்மா, வயிறாரச் சாப்பிடுறேன்" என்பார்.

நான்காவது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போன பள்ளிவாசலில் தமிழில் உரை கேட்டது. தொழுகை முடிந்த பிறகும் எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவரின் தோளைத் தொட்டு ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, எந்த ஊரு? சாப்பிட்டியா?"

அந்த இரண்டு கேள்விகள்தாம் அவரை நிமிர்த்தின. அன்றே கடைகளைக் காட்டினார்கள். பேருந்து, ரயில் வழி சொன்னார்கள். வேலையில் புரியாததைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் கேட்டுவிடு, கேட்பவனை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள் என்று தைரியம் சொன்னார்கள்.

சகோதரர்களே! இந்த உபசாரம் அங்கே நேற்று முளைத்ததல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய நம் சூலியா முஸ்லிம்கள் 1826இல் தொடங்கியது சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். மறு ஆண்டு தெலோக் ஆயர் தெருவில் ஓலைக் குடிசையாக ஒரு பள்ளி எழுந்தது. இன்று அது அல் அப்ரார் பள்ளிவாசல். நம்மவர்கள் இட்ட பெயர் 'குச்சுப் பள்ளி'. அந்தக் குடிசையில் கூடியவர்களும் ஒரு நாள் யாரையும் தெரியாமல் கரை இறங்கியவர்கள்தாமே!

காகிதம் முதலில், கண்ணீர் பிறகு

இளைஞர்களே! போகும் முன் காகிதத்தைப் படியுங்கள். பயிற்சி என்று சொல்லிச் சுற்றுலா விசாவைக் கையில் கொடுத்தால் ஏறாதீர்கள். பிடிபடுபவர் நீங்கள்தான், முகவர் அல்ல. சிங்கப்பூரிலே பயிற்சிக்கென்றே தனி அனுமதி உண்டு. தொழில் திறன் பழகப் போகிறவருக்கு ஆறு மாதம், நிர்வாக நிலைப் பயிற்சிக்கு மூன்று மாதம். காலம் முடிந்தால் திரும்ப வேண்டியதுதான். பயிற்சி அப்படியே வேலையாகிவிடும் என்று வாய்வார்த்தை சொல்பவரை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சங்களில் பேசுபவர் யார்? சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே விசாரிக்க ஒரு நாள் பேருந்துப் பயணம் போதும்.

கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்து, மியான்மர் எல்லைக்குள் தள்ளி, இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்களே! 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். படித்த பிள்ளைகள்தாம். படிப்பு இருந்தது, விசாரிப்பு இல்லை.

போய் இறங்கியபின், பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அந்நாட்டு மொழியில் தினம் பத்துச் சொல் பழகுங்கள். கஷ்டம் என்றால் வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். பொய்யான "நல்லா இருக்கேன்" தாயைக் காப்பாற்றாது, உங்களையும் காப்பாற்றாது.

மதீனாவின் இரண்டு பாதிகள்

கி.பி. 622இல் மக்காவை விட்டு வெறுங்கையோடு மதீனா வந்தார் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவாசியான சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களோடு சகோதரராக இணைத்தார்கள். தம் செல்வத்தில் பாதியைத் தருகிறேன் என்றார் சஅத். வந்தவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி எங்கே என்று கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தன் காலில் நின்றார்.

வணிகர்களுக்கு இந்த வரலாறு மனப்பாடம். ஆனால் சந்தைக்கு வழி கேட்டவரின் பாதியைத்தான் நாம் பேசுகிறோம். பாதிச் செல்வத்தைத் தர முன்வந்தாரே, அவருடைய பாதி எங்கே போயிற்று?

அந்தத் தம்பி பயிற்சி முடிந்து திரும்பி வந்தார். ஒரு நாள் இரவு தந்தை கடையைச் சாத்தும்போது கேட்டாராம்: "வாப்பா, நம்ம கடையில வேலை பழகுற மலைப் பையன் எங்க படுக்கிறான்?"

அந்த இளைஞன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கோமுகி அணை, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்தவன். வீட்டில் மரவள்ளியும் சாமையும் விளைகிற கொஞ்சம் நிலம். இரண்டு ஆண்டாகக் கடையின் பின்புறம் துணி மூட்டைகளுக்கிடையே படுத்திருக்கிறான். அவன் பேசும் தமிழைக் கேலி செய்தார்கள். "டேய் மலை" என்று அழைத்தார்கள். அவனும் வீட்டுக்கு, "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பான்! மகன் கேட்ட பிறகுதான் தந்தைக்கு உறைத்தது. என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

அவர் மட்டுமா குற்றவாளி? வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கடையைத் தாண்டிப் போகிற நானும் ஒரு நாள் கேட்டதில்லை. ஆதரிக்க ஆளில்லாத ஏழையை முதலில் கண்டுபிடிப்பவன் தரகன். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேர் யார்? திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைத் தமிழர்கள். பக்கத்து ஊரிலே கௌரவமான வேலையும் கூலியும் கிடைத்தால், பிழைப்புக்காக ஒருவன் தரகனை நம்பி அண்டை மாநிலக் காட்டுக்குள் ஏறுவானா?

வணிகர்களே! தொழில் பழக வந்தவனுக்குப் படுக்க ஒழுங்கான இடம் கொடுங்கள். பேசிய கூலியை மாதம் தவறாமல் அவன் கையிலேயே கொடுங்கள். ஏவல் வேலையோடு நிறுத்தாமல் கணக்கையும் கொள்முதலையும் கற்றுக் கொடுங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். அவன் நம் மார்க்கத்தவன் அல்லவே என்பீர்களா? அண்டை வீட்டாரின் உரிமையில் நம் மார்க்கம் அப்படியொரு பிரிவு வைக்கவில்லை.

இளைஞர்களே! வெளியூர் போகும் ஒவ்வொருவரும் போகும் இடம், முகவர், அனுமதி விவரங்களை ஜமாஅத் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். அங்கே போய் நிலைகொண்ட பிறகு, அடுத்து வருபவனின் தோளைத் தொட்டு அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அதற்கு விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று வீடு திரும்பும் வழியிலேயே ஒரு கடை வாசலில் நின்று கேட்கலாம்: "தம்பி, எந்த ஊரு? சாப்பிட்டியா?"

போகும் இடத்தில் நமக்கு நல்ல மனிதர்களைத் தரவும், வருபவர்களுக்கு நம்மை நல்ல மனிதர்களாக ஆக்கவும் வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.