ஆட்டோ காசு யார் தருவது?

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையைச் சக்கர நாற்காலிகளால் நிறைத்திருக்கும் தோழர்களே, வெண்கோல் ஊன்றி வந்திருக்கும் அண்ணன்மார்களே!

பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கோபத்துக்குப் பத்து நிமிடம் எப்படிப் போதும்?

நம் சங்கத்தில் ஒரு தங்கை இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன். ஆய்வு என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸில் ஏற முடியாதவர், ஆட்டோ வைத்துக்கொண்டு போனார். துணைக்குப் போன அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. அரைநாள் கேள்வி! கழிப்பறைக்கு எப்படிப் போவீர்கள் என்பது வரை கேட்டார்கள். கடைசியில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட், ஒரு நன்றி. அப்போது கேட்டார் பாருங்கள்: "கேள்வி கேட்ட உங்களுக்கு இன்னைக்குச் சம்பளம் உண்டுதானே சார்? பதில் சொன்ன எனக்கு?"

தட்டுங்கள், அவருக்காக நன்றாகத் தட்டுங்கள்!

இங்கிலாந்திலும் இதே கதைதான். ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்றொரு மாற்றுத்திறனாளிகள் இல்லம். எங்கள் வாழ்க்கையை நாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று போராடிய அங்கிருந்தவர்கள், துணைக்கு வருவார்கள் என நம்பித்தான் ஆய்வாளர்களை அழைத்தார்கள். வந்தவர்கள் மில்லர், க்வின். 1972-இல் அந்த ஆய்வு புத்தகமாக வந்தது. நாங்கள் நடுநிலையாளர்கள் என்று சொல்லி, இல்லங்களை இன்னும் நன்றாக நடத்த யோசனை எழுதிவிட்டுப் போனார்கள். அந்த இல்லத்தில் வாழ்ந்த பால் ஹண்ட் கொதித்தார். ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். அவர் இறந்தபிறகு 1981-இல்தான் அந்தக் கட்டுரை அச்சேறியது. நம் வலியை எடுத்துப் பட்டமும் பதவியும் வாங்குகிறவர்களை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது?

இங்கே சில மேதைகள் சொல்கிறார்கள், காசு கொடுத்தால் ஆசைப்பட்டு எதற்கும் சம்மதித்துவிடுவார்களாம். ஐயா, ஆபத்தான மருந்துச் சோதனையில் அந்தக் கவலை நியாயம். அங்கே ஆபத்தைக் குறையுங்கள், தொகையை அறநெறிக் குழு பார்க்கட்டும். வெறும் கேள்வித்தாளுக்கு என்ன ஆசை, என்ன மயக்கம்? நம்மைப் பற்றிக் கருத்தரங்கில் பேச நீங்கள் மதிப்பூதியம் வாங்கும்போது உங்கள் தூய்மை கெடவில்லையே!

வழி இல்லாமலா இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளைப் புரட்டுங்கள். பயணச் செலவு தரலாம், இழந்த கூலி தரலாம், செலவழித்த நேரத்துக்கும் பட்ட சிரமத்துக்கும்கூடத் தரலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு இன்னும் மேலே போகிறது. நம்மை வைத்து ஆய்வு செய்ய நம் சம்மதம் மட்டும் போதாது, ஒரு குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிப் பேராவது நாமோ நம் அமைப்புகளைச் சேர்ந்தவர்களோ இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாம் இரண்டரைக் கோடிக்கு மேல். அத்தனை பேரில் குழுவுக்கு ஆள் கிடைக்காதா?

அந்தத் தங்கை அன்றைக்கு அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். அவர் தனியாகச் செய்ததை நாம் சேர்ந்து செய்வோம். தீர்மானம் இதுதான்: ஆட்டோ காசு, துணைக்கு வருபவர் கூலி, பங்கேற்பவருக்கு ஊதியம், இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத ஆய்வுக்கு நம் சங்கம் ஒருவரையும் அனுப்பாது. ஏற்பவர்கள் கை தூக்குங்கள். தூக்க முடியாதவர்கள் குரல் கொடுங்கள். சைகை மொழித் தோழர்களுக்கு மொழிபெயர்த்து முடியும்வரை எண்ணாதீர்கள், செயலாளர் அவர்களே!